ரெய்டில் இருக்கிறது என்பதால் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள்

நாஸ் பெட்டியில் (வீட்டு வலையமைப்பில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) ஒரு டிஸ்க் போனது, புதியதை மாட்டினோம், அதன்பின் எதுவுமே திறக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு தரவு மீட்புக்கு என்னிடம் வருகிறவர்கள் குறைவதாகவே தெரியவில்லை. அண்மையில் வந்த பெட்டியில் நான்கு டிஸ்க்குகள் ரெய்டு 5 முறையில் இருந்தன. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோலப் பயன்படுத்தும் முறை; ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும், இரண்டு போனால் தப்பாது. ஒன்று பழுதானபோது பெட்டி விடாமல் ஒலியெழுப்பியிருக்கிறது. வீட்டார் அந்த எச்சரிக்கை ஒலியை அமைப்புகளில் நிறுத்திவிட்டு, வாரக்கணக்கில் மீதி மூன்று டிஸ்க்குகளிலேயே ஓட்டியிருக்கிறார்கள். பிறகு விலை குறைவாகக் கிடைத்த, மேசைக் கணினிக்கான டிஸ்க் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். ரீபில்டு, அதாவது பழுதான டிஸ்க்கில் இருந்ததைப் புதியதில் மீண்டும் உருவாக்கும் வேலை, பாதியைத் தாண்டுவதற்குள் பழைய டிஸ்க்குகளில் இன்னொன்றும் படிக்க மறுத்துவிட்டது. பிள்ளைகளின் குழந்தைப் பருவப் படங்கள் அனைத்தும் அதில்தான் இருந்தன. “ரெய்டு போட்டிருந்தோமே, அதுதானே பேக்கப்?” என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்விக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் விடை சொல்லத் தயாராக இருக்கிறேன்: ரெய்டு பேக்கப் ஆகாது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வுரையில் இந்த முறையை முன்வைத்தபோது, விலையுயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்கு மாற்றாக மலிவான பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்துவதே அவர்களின் நோக்கமாக இருந்தது. டிஸ்க்குகள் கூடினால் அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும் என்பதால், ஒன்று நின்றாலும் வேலை நிற்காதிருக்க உபரித் தகவலையும் சேர்த்தார்கள். ரெய்டு தரும் பாதுகாப்பு அவ்வளவுதான். நீங்கள் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் எல்லா டிஸ்க்குகளிலும் அதே நொடியில் அது அழிகிறது. 2022-இல் டெட்போல்ட் என்னும் பிணைத்தொகை நச்சுநிரல், இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடப்பட்டிருந்த க்யூநேப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. அவற்றுள் ரெய்டு போட்டிருந்த பெட்டிகளுக்கு அதனால் எந்தப் பயனும் விளையவில்லை. மின்னழுத்தம் எகிறினாலும், திருடன் பெட்டியைத் தூக்கிச் சென்றாலும், எல்லா டிஸ்க்குகளும் சேர்ந்தே போகும். கோப்புகளின் முந்தைய நிலையைக் காத்துவைக்கும் ஸ்நாப்ஷாட் வசதி, அழித்த கோப்பைத் திரும்பத் தரும் என்பது உண்மைதான். ஆனால் அதுவும் அதே டிஸ்க்குகளில்தான் இருக்கிறது. யூஎஸ்பியில் இணைக்கும் ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி உறவினர் வீட்டில் வைத்திருந்தால்கூட, என்னிடம் வரும் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன்.

டிஸ்க் வாங்கும்போது கொள்ளளவையும் விலையையும் மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கில் தரவு எழுதப்படும் தடங்கள் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஓரிடத்தில் மாற்றி எழுத வேண்டுமானால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும் என்பதால், இடைவிடாமல் எழுதும் ரீபில்டு வேலையில் அது திணறிப்போகும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸ் பயன்பாட்டுக்கென்றே விற்ற ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாதிரிகளில் இந்த முறையை வெளிப்படையாகச் சொல்லாமல் பயன்படுத்தியது தெரியவந்து, பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகே, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகைக்கு ரெட் பிளஸ் என்ற தனிப்பெயர் வந்தது. ஆகவே பெட்டியின் மேலுள்ள பெயரை நம்பாமல், மாதிரி எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, சிஎம்ஆர் என்று உறுதி செய்த பிறகே பணம் கொடுங்கள். மேசைக் கணினி டிஸ்க்குகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. படிக்க முடியாத பகுதி வந்தால் நாஸ் டிஸ்க் ஏறத்தாழ 7 நொடிகளில் பிழையை அறிவித்துவிடும்; மேசைக் கணினி டிஸ்க் அதற்கும் மேலாக முயன்றுகொண்டே இருப்பதால், அது செத்துவிட்டதாகக் கருதி பெட்டி அதை ரெய்டு தொகுப்பிலிருந்து நீக்கிவிடக்கூடும்.

சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், தயாரிப்பாளரின் தளத்தில் வரிசை எண்ணை இட்டு உத்தரவாதக் காலத்தைச் சரிபாருங்கள். 2025-இன் தொடக்கத்தில் ஜெர்மனியில், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் புதியவை என்று விற்கப்பட்டது வெளிவந்தது. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் ஸ்மார்ட் பதிவில் ஓடிய நேரத்தைப் பூஜ்ஜியமாக்கியிருந்தார்கள். ஃபார்ம் என்னும் உட்பதிவேடுதான் உண்மையைக் காட்டியது. ஸ்மார்ட்சிடிஎல் என்னும் மென்பொருளில் அந்தப் பதிவேட்டைப் படிக்கலாம். புதிய டிஸ்க்கின் கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

ஸ்மார்ட் பதிவில் பழுதான பகுதிகளைக் குறிக்கும் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மதிப்பு ஏறத் தொடங்கினால் மாற்று டிஸ்க்கை உடனே வாங்கி வையுங்கள். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் இணைப்பில்தான் கோளாறு. நல்ல டிஸ்க்கைத் தூக்கியெறிந்துவிட வேண்டாம். எல்லா அளவுகளும் சரியாக இருப்பதும் உறுதிமொழி ஆகாது. கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேலானவை மிக முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவுகளில் எந்த அறிகுறியும் காட்டியிருக்கவில்லை.

மாற்றும் நாளில் முதல் வேலை, இருக்கும் தரவை வெளியே பிரதி எடுப்பது. ரீபில்டு நடக்கையில் மீதி டிஸ்க்குகள் அனைத்தும் முழுமையாகப் படிக்கப்படுகின்றன. ஒரே நாளில் வாங்கி, ஒரே வெப்பத்தில், ஒரே அளவு உழைத்த டிஸ்க்குகள் அவை. பழுதான டிஸ்க்கின் வரிசை எண்ணைத் திரையில் பார்த்துக் குறித்துக்கொண்டு, உருவியதும் ஒட்டுத்தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பெட்டியில் ஒன்று, இரண்டு என்று எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று குழம்பி, நல்ல டிஸ்க்கை உருவியவர்கள் பலர். யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்கவே தொடங்காதீர்கள். மின்னஞ்சல் எச்சரிக்கையை இன்றே இயக்கிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டாவது டிஸ்க் நின்றுவிட்டால், தயவுசெய்து, புதிய தொகுதி உருவாக்கவா என்று பெட்டி கேட்பதற்குச் சம்மதம் தராதீர்கள். மீட்கக்கூடிய தரவு பெருமளவில் அழிவது அந்த ஒரு பொத்தானால்தான். பெட்டியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு டிஸ்க்கின் மீதும் அது இருந்த இடத்தின் எண்ணை எழுதி, முதலில் பழுதானதையும் சேர்த்து எல்லாவற்றையும் தரவு மீட்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.