குடும்ப வழியில் வந்த பழைய ராணுவக் கைத்துப்பாக்கி: உரிமம், அடையாளம், மதிப்பு

பழைய வடாற்காடு மாவட்டம் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய பகுதி. கணியம்பாடி அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைப்பார்கள். இத்தகைய ஊர்களில் பெரியவர் ஒருவர் காலமான பிறகு, டிரங்குப் பெட்டியில் பதக்கங்களோடு ஒரு பழைய ரிவால்வரோ பிஸ்டலோ கிடைத்தால், “இது என்ன மாடல், என்ன விலை போகும்?” என்பதே முதல் கேள்வியாக எழுகிறது. ஆனால் உரிமத்தின் நிலை தெரிந்த பிறகுதான் விலையைப் பற்றிப் பேச முடியும். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள் நல்லெண்ணத்தோடு செய்தாலும் குற்ற வழக்கில் சிக்கிக்கொள்ள நேரிடும்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் என்பது அதைப் பெற்றவருக்கு மட்டுமே உரியது. அவர் இறந்ததும் அது தானாக மகனுக்கோ மகளுக்கோ வந்துவிடாது. ஆகவே துப்பாக்கியையும், உடன் கிடைத்த தோட்டாக்களையும், தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21ஆம் பிரிவு. ஒப்படைப்பதனால் உரிமை போய்விடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. வாரிசுதாரர் பின்னர் தம் பெயரில் உரிமம் பெற்று அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அல்லது உரிமமுள்ள ஒருவருக்கு விற்று அந்தத் தொகையைப் பெற்றுக்கொள்ளலாம் என்று அதே பிரிவு கூறுகிறது. துப்பாக்கியைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் கிளம்பாமல், முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படைப்பதே பாதுகாப்பானது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று வீட்டில் திறந்து பார்க்கும் முயற்சியும் வேண்டாம்.

அடுத்து, பெரியவரின் பழைய உரிமப் புத்தகத்தைத் தேட வேண்டும். அது வடாற்காடு மாவட்ட ஆட்சியரால் வழங்கப்பட்டதாக இருக்கலாம். 1989இல் அந்த மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இப்போது பொதுவாக விண்ணப்பிக்க வேண்டியது வாரிசுதாரர் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம். வேலூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அது சத்துவாச்சாரியிலுள்ள ஆட்சியர் அலுவலகம். புத்தகம் கிடைக்காவிட்டால், வாங்கிய ரசீதையோ படைத்துறை வழங்கிய விற்பனைச் சீட்டையோ தேடுங்கள். பணியின்போது வழங்கப்படும் ஆயுதம் அரசுடைமை. ஒருவர் படையில் இருந்தார் என்பதால் மட்டும் அது அவருடைய சொத்தாகிவிடாது.

வாரிசுதாரருக்கு உரிமம் வழங்க 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் தனி விதியே இருக்கிறது. உரிமதாரர் உயிருடன் இருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவரைப் பரிந்துரைக்கவும் அந்த விதி இடம் தருகிறது. இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளும் குடும்பங்கள் கூடினால், மரணத்துக்குப் பிந்தைய அலைச்சல் பெருமளவு குறையும். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல்துறை அறிக்கை பாதகமின்றி இருக்க வேண்டும். இ-சேவை மையம் வழியாகப் பெறும் வாரிசுச் சான்றிதழையும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையின்மைக் கடிதங்களையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரை வழியில் வந்ததும் இந்தக் கணக்கில் சேரும்.

அடையாளம் காண்பது இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. உரிமத்தை யார் வழங்குவது என்பதையே துப்பாக்கியின் குண்டளவு, அதாவது அது சுடும் குண்டின் விட்டம், தீர்மானிக்கிறது. நம் பகுதி வீடுகளில் இருக்க வாய்ப்புள்ளவற்றில் ஒன்று, பிரிட்டிஷ் படை 1915இல் ஏற்ற வெப்ளி 6ஆம் மார்க் ரிவால்வர். அதன் உடற்சட்டகம் நடுவில் கீல் போட்டது போல மடிந்து, குழல் கீழ்நோக்கித் திறக்கும். பிடியின் அடியில் கயிறு கோக்க ஒரு வளையம் இருக்கும். குழலுக்கும் உருளைக்கும் மேலே ஓடும் பட்டையில் மார்க் எண் ரோமன் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அது .455 அளவு. இதே போல மடிந்து திறக்கும், சற்றுச் சிறிய என்ஃபீல்டு 2ஆம் எண் ரிவால்வர் 1930களில் வந்தது, அது.380 அளவு. அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுடைமையைக் காட்டும் முத்திரை. இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரவுனிங் பிஸ்டலாக இருந்தால் 9 மில்லிமீட்டர். இந்த .455, .380, ராணுவ 9 மில்லிமீட்டர் தோட்டாக்களைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட வகையில் வருகின்றன. அவற்றுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு உரியது. பிற அளவுகளை மாவட்ட ஆட்சியரே பரிசீலிப்பார். உரிமமின்றி வைத்திருந்தால் சாதாரண வகைக்கு 2 முதல் 5 ஆண்டு வரையும், தடை செய்யப்பட்ட வகைக்குக் குறைந்தது 7 ஆண்டும் சிறைத்தண்டனை உண்டு.

“இது பழம்பொருள்தானே” என்பது பலர் சொல்லும் வாதம். பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையிலுள்ள பழைய ஆயுதத்துக்கே ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. நூறாண்டு பழையதானாலும் சுடக்கூடியதாக இருந்தால் அந்த விலக்கு கிடையாது. தொன்மையானது என்று உரிய முறையில் சான்றளிக்கப்பட்ட ஆயுதத்தை வைத்திருக்க உரிமம் வேண்டாம் என்று 2020இல் விதி திருத்தப்பட்டது. ஆனால் அந்தச் சான்று கையில் இருக்க வேண்டும். எடுத்துச் செல்லவும் பயன்படுத்தவும் அப்போதும் உரிமம் தேவை.

மதிப்பைப் பொறுத்தவரை, இணையத்தில் காணும் வெளிநாட்டு ஏல விலைகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உரிமமின்றி ஏற்றுமதி செய்ய முடியாது. தடை செய்யப்பட்ட அளவாயின் அதற்குரிய உரிமம் வைத்திருக்கும் சிலரே வாங்க முடியும் என்பதால், வரலாற்றுப் பெருமை மிக்க வெப்ளிகூட இங்கே குறைந்த விலைக்கே போகலாம். சட்டப்படி விற்கக்கூடிய சாதாரண அளவு வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிக்கு, இறக்குமதி நீண்ட காலமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் நல்ல விலை கிடைக்கும். பாகங்களில் உள்ள எண்கள் ஒத்திருப்பதும், பழைய மெருகு கலையாதிருப்பதும், உறையும் ஆவணங்களும் உடன் இருப்பதும் மதிப்பைக் கூட்டும். துருவை எடுப்பதாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் விலையையும் கெடுத்துக்கொள்கிறார்கள். எண் அழிந்துவிட்டால் அது 8ஆம் பிரிவின்படி குற்றப் பிரச்சினையாகவும் மாறும்.

தம் பெயரில் உரிமம் பெற்ற வாரிசுதாரர் பின்னர் தனியாருக்கு விற்க விரும்பினால், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். ஒப்படைத்த துப்பாக்கியை விதித்த காலத்துக்குள் திரும்பப் பெறாமலும் விற்காமலும் விட்டுவிட்டால் அரசு அதைப் பறிமுதல் செய்யலாம் என்பதால், ஒப்படைக்கும் அன்றே தேதி, எண், குண்டளவு, தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவை எழுதப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.