ஆனைக்க கண்ணு

ஓணம் விடுமுறை முடிந்த வாரம். 3 வயதுப் பெண்பிள்ளை. பத்து நாளாகச் சளி நிற்கவில்லை என்று பாட்டி தூக்கி வந்தார். மருந்துக் கடையில் கேட்டு இரண்டு சிரப் கொடுத்தாயிற்று. பக்கத்தில் உட்காரவைத்ததுமே நாற்றம் தெரிந்தது. சளி வலது மூக்கில் மட்டும்; இடது பக்கம் சுத்தம். சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகினால், உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதான் குழந்தை மருத்துவர்கள் முதலில் நினைப்போம். காது மூக்கு தொண்டை மருத்துவர் எடுத்துத் தந்தது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லை. உள்ளே கறுப்புப் பொட்டு அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது.

"மக்ளே, இது என்னது?"

"ஆனைக்க கண்ணு" என்றாள், தொலைந்த பொருள் கிடைத்த சந்தோஷத்தில்.

யானை அவள் அண்ணனுடையது. யு.கே.ஜி. புராஜெக்ட். செய்தது அண்ணனும் இல்லை, அம்மா. அதுவும் இரவு பதினொரு மணிக்கு. அப்பா வளைகுடாவில். குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் இது வீட்டுக்கு வீடு நடக்கிற கதைதான். சார்ட் அட்டை, பஞ்சு, ஒட்டுக் கண் எல்லாம் கடையில் வாங்கி, அம்மா ஒட்டி, பிள்ளை சுமந்து போகும். மதிப்பெண் யாருக்கு என்று மிஸ்ஸுக்கும் தெரியும்.

கைவேலைக்கு நான் எதிரி இல்லை. இலையைக் கிழிக்கும்போது பிள்ளையின் இரண்டு கையும் ஆளுக்கொரு வேலை செய்கின்றன. பின்னால் பென்சில் பிடிக்க அந்தப் பழக்கம்தான் உதவும். கத்தரிக்கோலால் நறுக்கப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 3 வயதையொட்டித்தான் கை வரும். கோட்டின் மேலேயே வெட்ட இன்னும் ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும். அதற்கு முன் கோணல்மாணலாக வருவதுதான் சரி. யானை அழகாக இருக்கிறதா, அப்படியானால் பிள்ளை தொடவில்லை.

என் பயமெல்லாம் கண்ணைப் பற்றித்தான். பூனையோ மீனோ, கடைசியில் ஒட்டுவது கண். அதுதான் சின்னது, அதுதான் முதலில் கழன்று விழும், தம்பி தங்கை கையில் அகப்படும். பொம்மையின் பாகம் பிள்ளை தொண்டையில் சிக்கும் அளவா என்று சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் அடங்கும் எதுவும் 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஆகாது. ஒட்டுக் கண், சட்டைப் பொத்தான், பாசிமணி, பயறு எல்லாமே அடங்கும்.

பிளாஸ்டிக் வேண்டாம், இயற்கையாகச் செய்வோம் என்று கிளம்புகிறவர்கள் அதைவிடப் பெரிய வம்பில் போய் மாட்டுகிறார்கள். வேலியில் படர்ந்து கிடக்கும் குன்னிமுத்தை (குன்றிமணி) களிமண் கிளிக்குக் கண்ணாக வைக்கிறார்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு, பார்க்கக் கண் மாதிரியேதான் இருக்கும். உள்ளே இருப்பது அப்ரின் என்னும் கொடிய நஞ்சு. தோடு கெட்டி என்பதால் முழுசாக விழுங்கிய விதை அப்படியே வெளியேறிவிடலாம். ஆனால் கடித்துவிட்டாலோ, மாலை கோக்க ஊசியால் துளைத்த விதையாக இருந்தாலோ நஞ்சு வெளியே வரும். வாந்தியும் ரத்தப் பேதியும் தொடங்கப் பல மணி நேரம் ஆகும் என்பதால், "பிள்ளை நல்லாத்தானே விளையாடுது" என்று வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வேறு விதை. அது அவ்வளவு பொல்லாதது இல்லை. ஆனாலும் மூக்குக்குள் போகிற அளவுதான்.

கண்ணை வரைந்துவிடுங்கள், போதும். ஸ்கெட்ச் பேனாவில் ஒரு புள்ளி.

அந்தப் பாட்டியிடம் பிலாவிலையை (பலா இலை) நினைவுபடுத்தினேன். அதைக் கரண்டிபோல் கோட்டிக் கஞ்சி குடித்த தலைமுறை அவர். காம்புப் பக்கம் இருபுறமும் கொம்புபோல் கிழித்து, மீதியைச் சுருட்டி ஈர்க்கில் குச்சியால் குத்தினால் காளை. கிழிப்பது பிள்ளை, ஈர்க்கில் குத்துவது பெரியவர். ஈர்க்கில் முனை நிஜக் கண்ணைக் குத்திவிடும். அடுத்த முறை வந்தபோது காளையும் கூடவே வந்தது. "இதுக்குக் கண்ணு எங்க?" என்று கேட்டேன். "அது ஒறங்குது" என்றாள் பிள்ளை. பாட்டி சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மழைக்காலத்தில் பொருளே இல்லாமல் விளையாடலாம். கையை ஊன்றி நண்டு நடை, தவளைத் தாவல். தோள் உறுதிப்பட்டால் எழுதும் கைக்கும் நல்லது. மீன் வரையச் சொன்னால் குளச்சல் பிள்ளைகள் சாளையா நெத்தோலியா என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கே எழுந்து பதில் சொல்ல வேண்டும்.

இனி, ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்றால். மூக்கில் இருப்பதை ஈர்க்கிலோ பின்னோ விட்டுக் கிளறாதீர்கள். இன்னும் பின்னால் தள்ளி மூச்சுக்குழாயில் விழவைத்துவிடுவீர்கள். பயறு என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊதிவிடும். கத்துகிற, மின்னுகிற பொம்மை நாய்க்குள் பொத்தான் பேட்டரி இருக்கும். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கும். வாந்தி எடுக்கவைக்காமல், விடியட்டும் என்று காத்திராமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 108. எதுவானாலும், கண் கழன்ற அந்தப் பொம்மையைக் கையோடு கொண்டுவாருங்கள். மிச்சமிருக்கும் மற்றக் கண்ணைப் பார்த்தால், உள்ளே போனது எதுவென்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.