குறியிடல்: சொல் விளக்கம்

எண்ணிக்கையைவிட மக்கள் சொல்வதன் பொருளை ஆராயும் பண்புசார் ஆய்வாளர்கள் 'கோடிங்' என்று வழங்கும் பணிக்குக் 'குறியிடல்' என்பதே பொருந்திய தமிழ்ச்சொல். நேர்காணலின் எழுத்துப்படியை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு பகுதியும் எதைப் பேசுகிறதோ அதைச் சுட்டும் சிறு பெயரை அதற்கு இடுவதே அப்பணி. கணினித்துறையில் அதே சொல் நிரல் எழுதுவதைக் குறிப்பதால், 'நிரலாக்கம்' என இங்கே எழுதினால் பொருள் திரிந்துவிடும்.

'கோடிங்' என்பதன் மூலச்சொல்லான 'கோடெக்ஸ்' லத்தீனில் அடிமரத்தையும், பின்னர் மரப்பலகை ஏடுகளாலான நூலையும் குறித்தது. அதன்வழிச் சட்டத்தொகுப்பு, சைகைத்தொகுதி என்ற பொருள்கள் கிளைத்தன. தமிழில் 'குறி' இன்னும் நெருங்கிய பொருளுடையது. தொல்காப்பிய உரையாளர் இளம்பூரணர் இலக்கணப் பெயர்களைக் 'குறி' என்றே சொல்லி, அவை ஆட்சியும் (நூலில் ஆளப்படும் முறையும்) காரணமும் நோக்கி இடப்பட்டவை என்று விளக்குவார். ஆய்வில் இடும் குறிக்கும் காரணம் வேண்டும்.

பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1967இல் முன்வைத்த, தரவிலிருந்தே கோட்பாட்டை வளர்த்தெடுக்கும் தரவூன்றிய கோட்பாட்டு மரபில், பேசியவரின் சொல்லையே குறியாகக் கொள்வதற்கு 'இன் விவோ' என்று பெயர், 'வாய்ச்சொற்குறி' எனலாம். நாகை மாவட்டக் கடைமடை உழவர் ஒருவர், "ஆத்துல தண்ணி போவுது, எங்க மடைக்கு ஏறல, நாத்து காயுது" என்று சொல்வதாகக் கொள்வோம். அதற்கு 'நீர்ப் பற்றாக்குறை' என்று குறியிட்டால் அவர் சொன்னதன் சாரமே போய்விடும். ஆற்றில் நீர் உண்டு. மடை உயரத்துக்கு அது எழும்பவில்லை என்பதே அவர் முறையீடு. 'மடைக்கு ஏறல' என்று இட்டால், மேட்டூர் திறக்காத ஆண்டின் துயரும், திறந்தும் வாய்க்கால் தூர்ந்து கிடக்கும் ஆண்டின் துயரும் தனித்தனியே நிற்கும்.

லின் ரிச்சர்ட்ஸ், டாம் ரிச்சர்ட்ஸ் இணையர் 1980களின் தொடக்கத்தில் மெல்பர்னின் லா டிரோப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய, குறியிடலுக்கு உதவும் மென்பொருளின் வழிவந்ததே இன்றைய என்விவோ. அதே வகை மென்பொருள்களான அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ ஆகியவை ஜெர்மனியில் பிறந்தவை. ஒரு குறியின்கீழ் வரும் பகுதிகளை எல்லா நேர்காணல்களிலிருந்தும் நொடியில் திரட்டித் தருவதும், தலைமடையார் பேச்சையும் கடைமடையார் பேச்சையும் அருகருகே வைத்துக் காட்டுவதும் இவற்றின் பெரும்பயன். சொற்களை எண்ணித் தரும் வசதியைத் தமிழில் அப்படியே நம்பலாகாது: தண்ணி, தண்ணீர், தண்ணிய, தண்ணிக்கு என்பவற்றை, தமிழ்ச் சொல்லடி அறியாத மென்பொருள் நான்கு சொற்களாக எண்ணும்.

இவ்வகை மென்பொருளின் ஆங்கிலப் பெயர் 'கணினித் துணையுடன்' என்றே தொடங்குகிறது. ஆகவே தமிழிலும் 'பண்புசார் பகுப்பாய்வுத் துணை மென்பொருள்' என்று, துணை என்னும் சொல்லை விடாமல் வழங்குவதே முறை.