அந்தக் கப்பல் இப்போது யாருடையது?

போன மாதம் ஓர் இளம் எழுத்தாளர் ஒப்பந்தம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருடைய விண்வெளிக் கதையை ஒரு தயாரிப்பு நிறுவனம் தொடராக எடுக்கக் கேட்டிருந்தது. முன்பணத் தொகை இருக்கும் பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருந்தார். நான் பதினோராம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். "பிரபஞ்சம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், இப்போது உள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்" உரிமை நிறுவனத்துக்கே என்று இருந்தது. அதற்கு அடுத்த வரி இன்னும் முக்கியம்: இந்த உரிமைகளை நிறுவனம் யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம்.

"இவர்களை நம்பித்தானே சார் கொடுக்கிறேன்" என்றார். சரி, இவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். நாளைக்கு இவர்களையே இன்னொருவர் வாங்கிவிட்டால்?

உரிமை ஒப்பந்தங்களைப் படிப்பதே என் வேலை. இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலின் பயணங்களைச் சொல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் ட்ரெக். சின்ன வயதிலிருந்து நான் விடாமல் பார்த்துவரும் தொடர் என்பதும் ஒரு காரணம். ஜீன் ராடன்பெர்ரி உருவாக்கி, 1966இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய அந்தத் தொடரைத் தயாரித்தது டெசிலு ஸ்டூடியோ. அடுத்த வருடமே டெசிலுவை கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற பெருநிறுவனம் வாங்கி, தன்னிடம் இருந்த பாரமவுண்ட் பட நிறுவனத்தோடு சேர்த்துவிட்டது. 79 அத்தியாயங்களோடு 1969இல் தொடர் நின்றுபோனது. 1970 வாக்கில் மொத்த உரிமையையும் 1,50,000 டாலருக்கு ராடன்பெர்ரியிடமே விற்க பாரமவுண்ட் முன்வந்ததாகவும், அவ்வளவு பணம் அவரிடம் இல்லை என்றும் சொல்வார்கள். எத்தனை முறை யோசித்தாலும் மனம் ஆறாத இடம் இது. உருவாக்கியவர் கைக்கே திரும்ப வந்திருக்க வேண்டியது, கைநழுவிப் போனது.

அப்புறம் 1994இல் வயாகாம் என்ற ஊடக நிறுவனம் பாரமவுண்டை வாங்கியது. 2005 கடைசியில் வயாகாம் இரண்டாகப் பிரிந்தபோது ஸ்டார் ட்ரெக்கும் பாகப்பிரிவினைக்கு உள்ளானது: தொலைக்காட்சி உரிமை சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்தின் பக்கம், திரைப்பட உரிமை பாரமவுண்ட் பக்கம். ஒரே கதை, இரண்டு முதலாளிகள். பதினான்கு வருடம் கழித்து, 2019 டிசம்பரில்தான் இரண்டும் மறுபடி ஒன்றாயின. 2025 ஆகஸ்டில் அந்த நிறுவனமும் ஸ்கைடான்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தோடு இணைந்து புது நிர்வாகத்தின் கீழ் போய்விட்டது. திரையரங்குக்கு வந்த கடைசி ஸ்டார் ட்ரெக் படம் 2016இல் வந்தது. அதற்குப் பிறகு அறிவிப்புகளுக்குக் குறைவில்லை, படம்தான் வரவில்லை. கதை தீர்ந்துவிட்டதா என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். என் கண்ணுக்குத் தெரிவது, மேசைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதுதான். புதிதாக வருபவர் முதலில் பார்ப்பது கடன் கணக்கை.

ப்ராடிஜி என்ற ஸ்டார் ட்ரெக் அனிமேஷன் தொடருக்கு நடந்ததைப் பாருங்கள். குழந்தைகளை மனதில் வைத்து எடுத்தது. இரண்டாம் பருவத்தின் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 ஜூனில், தொடரை ரத்து செய்து, வந்திருந்த முதல் பருவத்தையும் பாரமவுண்டின் இணைய ஒளிபரப்புச் சேவையான பாரமவுண்ட் பிளஸ் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. சொந்தக்காரரே தன் படைப்பைத் தன் தளத்தில் வைத்திருக்க விரும்பவில்லை! தளத்தில் ஒரு தொடர் இருந்தால் அதற்கென்று செலவுகள் உண்டு, எடுத்துவிட்டால் கணக்கில் நஷ்டமாகக் காட்டலாம். ரசிகர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். கடைசியில் நெட்ஃபிளிக்ஸ் ஒளிபரப்பு உரிமையை வாங்கி, 2024இல் இரண்டாம் பருவத்தை வெளியிட்டது. எல்லாத் தொடருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. உங்கள் மனதுக்கு நெருக்கமான தொடர் டிவிடி போன்ற வட்டில் கிடைத்தால் வாங்கி வையுங்கள். இணையத்தில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது பெரும்பாலும் உங்களுக்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டுமே.

தங்களுக்குப் பிடித்த தொடரின் கதையில் தாங்களே ரசிகர் படம் எடுக்க நினைப்பவர்களுக்கும் ஒன்று. அக்ஸனார் என்ற ஸ்டார் ட்ரெக் ரசிகர் படத்தின் மீது 2015 டிசம்பரில் சிபிஎஸ்ஸும் பாரமவுண்டும் வழக்குப் போட்டன. வழக்கு நடக்கும்போதே, 2016இல், ரசிகர் படங்களுக்கு விதிகள் வந்தன: ஒரு கதை 15 நிமிடம், இரண்டு பகுதி என்றால் மொத்தம் 30 நிமிடம், திரட்டும் பணம் 50,000 டாலரைத் தாண்டக்கூடாது. கேமராவைத் தொடுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

எழுத்தாளர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் ஸ்டார் வார்ஸ் பக்கம் இருக்கிறது. ஸ்டார் வார்ஸ் படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிமை 2012இல் டிஸ்னி வாங்கியது. 2020இல், தன் ஸ்டார் வார்ஸ் நாவல்களுக்கு ராயல்டி வரவில்லை என்று ஆலன் டீன் ஃபாஸ்டர் வெளிப்படையாகச் சொன்னார். உரிமைகளைத்தான் வாங்கினோம், பழைய கடமைகளை அல்ல என்பதுதான் டிஸ்னியின் வாதம் என்று அமெரிக்காவின் அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் சொன்னது. சொத்தை வாங்கினால் அதன் மீதுள்ள கடனும் கூடவே வரும் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. என் கட்சியும் அதுதான்.

என்னிடம் வந்த அந்த இளைஞருக்காக இரண்டு வரிகள் சேர்த்து அனுப்பினோம். உரிமை கைமாறினால், வாங்குபவரும் ராயல்டிக்குப் பொறுப்பு. ஐந்து ஆண்டுகள் கதையைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் உரிமை எழுத்தாளரிடமே திரும்ப வேண்டும். முதல் வரியை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இரண்டாவதில் ஐந்தைப் பத்தாக்கச் சொல்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கிறோம்.