மாற்று நுரையீரலில் தையல் போட்ட இடம் சுருங்கினால்

நுரையீரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ள நுரையீரல் தமனி வழியாக வரும் பெருவெள்ளம் ஒன்று. மகாதமனியிலிருந்து பிரிந்து வந்து மூச்சுக்குழாய்ச் சுவருக்குச் சாப்பாடு போடும் மெல்லிய தமனிகள் இன்னொன்று. மாற்று அறுவை சிகிச்சையில் பெரியதை இணைத்துவிடுவார்கள். நூல் போன்ற இந்தச் சின்னதுகளைப் பெரும்பாலும் இணைப்பதில்லை, வெட்டியது வெட்டியதுதான்.

தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. புதிய ரத்தக்குழாய்கள் முளைத்து வரும்வரை, அதாவது சுமார் 2 முதல் 4 வாரம், நோயாளியின் மூச்சுக்குழாயோடு தைத்து இணைத்த கொடையாளரின் மூச்சுக்குழாய் முனை, நுரையீரல் தமனியிலிருந்து பின்வழியாகக் கசிந்து வரும் ரத்தத்தை நம்பித்தான் உயிரோடு இருக்க வேண்டும், அதுவும் ஆக்சிஜன் குறைந்த ரத்தம். 1963-இல் ஜேம்ஸ் ஹார்டி முதல் நுரையீரல் மாற்று சிகிச்சை செய்த பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்தத் துறை தடுமாறியதற்கு இந்தத் தையல் பிரிந்துபோனது ஒரு முக்கியக் காரணம். இப்போது கொடையாளர் பக்கத்துக் குழாயை முடிந்தவரை குட்டையாக வெட்டுகிறார்கள்; பிரிவது அரிது. ஆனால் பட்டினி கிடந்த திசு தழும்பாக ஆறும்போது சுருங்குவது இன்னும் நடக்கிறது.

சுருக்கம் கொஞ்சம்தானே என்று நினைக்க முடியாது. காற்று சீராக ஓடும் குழாயில் விட்டம் பாதியானால் தடை 16 மடங்காகிறது. மூச்சிரைப்பு, வீசிங், ஊதும் பரிசோதனையில் சரியும் எண். சிக்கல் என்னவென்றால், உடல் உறுப்பை நிராகரிக்கும்போதும் அதே எண்தான் சரியும். உள்ளே கேமரா விட்டு, அதாவது பிராங்கோஸ்கோப்பி செய்து, நேரில் பார்த்தால்தான் தெரியும்.

முதல் சிகிச்சை பலூன். சுருங்கிய இடத்தில் அதை வைத்து, உப்புநீர் ஏற்றி விரித்து, ஒரு நிமிடம் போல அப்படியே பிடித்திருப்பார்கள். தழும்பு கிழிந்து வழி திறக்கும். ஆனால் கிழிசலும் ஒரு காயம்தானே, அதுவும் தழும்பாகும், அதனால் சில வாரங்களில் திரும்ப வரச் சொல்வார்கள், பலருக்கு இது பல தடவை. வளர்ந்து அடைக்கும் சதையை லேசர் அல்லது மின்சூட்டால் எரிக்கலாம். அப்போது கொடுக்கும் ஆக்சிஜனைக் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கலாம். உறைய வைத்து அகற்றும் முறையில் அந்தப் பயம் கிடையாது.

பேசாமல் ஒரு ஸ்டென்ட், அதாவது குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் சிறு குழல், வைத்துவிட்டால் என்ன? வைப்பது சுலபம், எடுப்பதுதான் பாடு. உலோக வலையின் கண்கள் வழியே சதை வளர்ந்து பின்னிக்கொள்ளும்; புற்றுநோய் அல்லாத சுருக்கங்களுக்கு அதை வைப்பது பற்றி மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ 2005-இலேயே எச்சரித்தது. சிலிக்கோன் ஸ்டென்ட்டை எடுத்துவிடலாம், ஆனால் அது நழுவும், சளி ஒட்டும். மாற்று நுரையீரலில் நரம்பும் வெட்டுப்பட்டிருப்பதால் தையலுக்குக் கீழே சளி தேங்கினாலும் இருமல் சரியாக வராது! அதனால்தான் பலர் பலூனைப் பலமுறை போட்டுப் பார்த்த பிறகே ஸ்டென்ட் பக்கம் போகிறார்கள், எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

தானே கரையும் ஸ்டென்ட்டும் வந்திருக்கிறது. சில வாரம் குழாயைத் தாங்கிப் பிடித்துவிட்டு, 3, 4 மாதங்களில் கரைந்துவிடும். அதைப் பின்னுவது பாலிடையாக்சனோன் இழையில். அறுவை சிகிச்சையில் தையல் போடும் கரையும் நூல்களில் ஒரு வகையும் அதே பொருள்தான்.