கான்வென்ட்: பள்ளிக்கூடம் ஆவதற்கு முன்னால்

மதுரையில் ஆட்டோ ஏறி "கான்வென்ட்டுக்குப் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். "எந்த ஸ்கூலுங்க?" என்றுதான் கேட்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் "கான்வென்ட்ல படிச்ச பொண்ணு" என்று சொன்னால், நன்றாக இங்கிலீஷ் பேசுவாள் என்று பொருள். கன்னியாஸ்திரி ஒருவர்கூட எட்டிப் பார்த்திராத தெருமுனை நர்சரிப் பள்ளியும் போர்டில் கான்வென்ட் என்று எழுதிக்கொள்கிறது. சொல் இப்படி நகர்ந்ததற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் குடியிருந்த பெண்கள் நம் பேச்சிலிருந்து மெல்ல மறைந்துவிட்டார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

லத்தீனில் 'கொன்வெனீரே' என்றால் ஒன்றாகக் கூடி வருவது. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் 'கொன்வென்துஸ்': கூட்டம், கூடுகை. ரோமானியர் காலத்தில் மாகாண நகரங்களில் வழக்கு விசாரிக்கக் கூடிய அவைக்கும் அதே பெயர்தான் இருந்தது. கன்வீனர், கன்வென்ஷன் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. நம் ஊர்க் கல்யாண மண்டபங்கள் கன்வென்ஷன் சென்டர் என்று பெயர் மாற்றிக்கொள்கின்றனவே, அவையும் இந்தக் குடும்பத்துச் சொல்லைத்தான் சுமக்கின்றன.

ஆக, முதலில் இந்தச் சொல் ஒரு கட்டடத்தைக் குறிக்கவில்லை, ஆட்களைக் குறித்தது. கடவுளுக்காக ஒரே வாழ்க்கைமுறையை ஏற்றுக் கூடியிருப்பவர்களின் குழு கான்வென்ட். பிறகு அவர்கள் குடியிருந்த வீட்டுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆண் துறவியர் குழுவுக்கும் இதே சொல்தான்; பிரான்சிஸ்கன் சபையார் தங்கள் இல்லங்களை இன்றும் அப்படிச் சொல்வதுண்டு. ஆங்கிலப் பேச்சில்தான் அது பெண் துறவியர் வீடு என்று குறுகியது. அப்புறம் இந்தியாவுக்கு வந்ததும் இன்னொரு திருப்பம். 1842இல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைச் சகோதரிகள் சென்னை வந்து பள்ளி தொடங்கினார்கள். அவர்களைப் போலப் பல சபைகள் வந்தன. சகோதரிகள் குடியிருந்த வீடும் பிள்ளைகள் படித்த வகுப்பறையும் பெரும்பாலும் ஒரே வளாகத்துக்குள் இருந்தன. பிள்ளைகள் 'கான்வென்ட்டுக்கு' போய்ப் படித்தார்கள்; நாளடைவில் 'கான்வென்ட்டில்' படித்தார்கள். வீட்டின் பெயரைப் பள்ளி எடுத்துக்கொண்டது.

இந்தக் கதை தமிழுக்குப் புதிதில்லை. இதே மதுரையில், இதே போன்ற ஒரு சொல் இதே பாதையில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. அந்தச் சொல் 'பள்ளி'.

பள்ளி என்றால் படுக்கை. மீனாட்சியம்மன் கோவிலில் இரவு கடைசிப் பூசை நடப்பது பள்ளியறையில். படுக்கை என்ற பொருளிலிருந்து, துறவிகள் தங்கும் இடத்துக்கு அது பெயரானது. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மீனாட்சிபுரத்து மலைக்குப் போனால் சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகளைப் பார்க்கலாம். தமிழி என்ற பண்டைய எழுத்தில் பொறித்த, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரும், நந்தன் என்ற துறவியின் பெயரும், கூடவே 'பளிஇய்' என்ற சொல்லும் அவற்றில் வருகின்றன. பளிஇய் என்றால் பள்ளி, முனிவர் வாழும் இடம். அந்தத் துறவிகள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததால் படிக்கும் இடத்துக்கும் அந்தப் பெயர் வந்தது என்பது அறிஞர்கள் பலரும் தரும் விளக்கம். இன்று 'பள்ளி' என்றதும் யாருக்கும் முனிவர் நினைவு வருவதில்லை. கான்வென்ட் என்றதும் சகோதரிகள் நினைவு வராததும் அதே மாதிரிதான்.

சரி, அந்த வீட்டுக்குள் என்னதான் நடக்கிறது?

மதுரைக்கு வெளியே ஓர் ஊரில், ஒரு சிறு கான்வென்ட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்த சிஸ்டர் "பார்லர்ல உக்காருங்க, மதர் வந்துருவாங்க" என்றார். அழகு நிலையத்தால் இன்று நமக்குப் பழகிய இந்தச் சொல்லும் துறவியர் மடத்தில் பிறந்ததுதான். பிரெஞ்சில் 'பார்லே' என்றால் பேசு. மடத்துக்குள் பேசாநோன்பு இருக்கும். வெளியாட்களோடு பேச அனுமதித்த ஓர் அறை பார்லர். தமிழில் சந்திப்பு அறை என்று தாராளமாகச் சொல்லலாம். நான்கு பிரம்பு நாற்காலி, ஒரு திரு இருதயப் படம், மூடி போட்ட தண்ணீர்ச் செம்பு. அவ்வளவுதான் அந்த அறை.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டோடு பள்ளியிலிருந்து வந்தார். ஒருவர் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டினார். இன்னொருவர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். மகளிர் குழுக் கூட்டத்துக்கு எங்கோ உள்ளடங்கிய ஊருக்குப் போயிருந்தாராம், செருப்பெல்லாம் செம்மண். சமையலறையிலிருந்து வயதான ஒருவர் முந்தானையில் கை துடைத்தபடி வந்தார். மணி அடித்தது. ஐந்தே நிமிடத்தில் எல்லோரும் சிற்றாலயத்தில் இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்து திருப்புகழ்மாலை என்ற செபத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி. கொன்வென்துஸ் என்ற சொல்லுக்கு எந்த அகராதியும் தராத விளக்கம் எனக்கு அங்கே கிடைத்தது. நாளெல்லாம் நாலு திசையில் சிதறியவர்கள் மணிச் சத்தத்துக்குக் கூடி வருகிறார்கள். மறுநாள் காலை மறுபடி நாலு திசை.

ராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் 'ரெக்ரியேஷன்' என்பார்கள். பொழுதுபோக்கு என்று மொழிபெயர்த்தால் சினிமா நினைவுதான் வரும். உண்மையில் மறுநாளைக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டே அன்றன்றைய கதையைப் பேசும் நேரம் அது. எந்த வீட்டில் குடிப்பிரச்சினை, எந்தப் பிள்ளை மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை, யாருக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் அங்கேதான் ஒன்றுசேர்கிறது. பள்ளி சிஸ்டருக்குத் தெரிந்தது டிஸ்பென்சரி சிஸ்டருக்குப் போய்ச் சேர்வது அந்த அவரைக்காய்த் தட்டைச் சுற்றித்தான். அறப்பணி தனி, குழுவாழ்வு தனி என்று நாம் நினைக்கிறோம். அந்த வீட்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது ஓடாது.

காசு விஷயத்திலும் அப்படியே. சகோதரிகள் கொடுக்கும் வார்த்தைப்பாடு மூன்று: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். ஏழ்மை என்றால் இல்லாமை என்று பொருளில்லை. தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளாமை. திருச்சபைச் சட்டப்படி துறவி உழைத்துப் பெறுவது அவருடைய சபைக்குச் சேரும். அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் சகோதரி தன் சம்பளத்தை அப்படியே பொது நிதியில் சேர்த்துவிட்டு, பஸ் காசை வீட்டுப் பொறுப்பாளரிடம் வாங்கிக்கொண்டு போவார். இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. பணம் எங்கள் கைக்கே வருவதில்லையே என்பது சகோதரிகள் தரப்பு வாதம். பிடிக்கலாம் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டன. சட்டம் ஒரு தனி ஆளின் சம்பளத்தைப் பார்த்தது. வீட்டுக்குள்ளோ அது தனி ஆளின் பணமாக இருந்ததே இல்லை.

கான்வென்ட் என்றாலே உயர்ந்த மதிலும் மூடிய கதவும் மனதில் வருவதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1298இல் எட்டாம் போனிபாஸ் என்ற போப்பாண்டவர், பெண் துறவியர் அடைப்புக்குள்தான், அதாவது மடத்தை விட்டு வெளியே வராமல்தான், வாழ வேண்டும் என்று ஆணையிட்டார். 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கம் அதை இன்னும் இறுக்கியது. நோயாளியைப் பார்க்க வீடு வீடாகப் போக வேண்டும் என்று 1610இல் இன்றைய பிரான்சில் தொடங்கிய விசிட்டேஷன் சபையே, பெயரிலேயே 'சந்திப்பு' இருந்தும், சில ஆண்டுகளில் அடைப்புக்குள் போக நேர்ந்தது. வின்சென்ட் தே பவுல் என்ற பிரெஞ்சுக் குருவும் லூயிஸ் தெ மரியாக் என்ற பெண்மணியும் 1633இல் ஒரு சபை தொடங்கி வேறு வழி கண்டார்கள். நோயாளிகளின் வீடே உங்கள் மடம், வாடகை அறையே உங்கள் சிற்றறை, நகரத்துத் தெருக்களே உங்கள் அடைப்பு என்ற கருத்தில் வின்சென்ட் தம் சகோதரிகளுக்குச் சொன்னது இன்றும் பேசப்படுகிறது.

அந்தத் தெருவழியில் வந்தவர்கள்தான் மதுரைக்கு நன்கு தெரிந்த புனித சூசையப்பர் சபையார். 1650இல் பிரான்சின் லெ புய் நகரில் ஆறு பெண்களோடு தொடங்கியது அது. நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, எந்தத் தெருவில் என்ன குறை என்று தேடிப் போனார்கள். பிழைக்க வழியில்லாத பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் கலைந்துபோன சபை பிறகு லியோனில் மீண்டும் தழைத்தது. லியோன் கிளைதான் 1953இல் மதுரையில் பாத்திமா கல்லூரியைத் தொடங்கியது. இப்படித் தெருவில் இறங்கிய சகோதரிகளை முழுமையான துறவியர் என்று ரோம் முறையாக ஏற்றதே 1900இல்தான். செம்மண் செருப்போடு வந்த அந்தச் சிஸ்டரின் பஸ் பயணத்துக்குப் பின்னால் இத்தனை நூற்றாண்டுப் போராட்டம் இருக்கிறது.

இனி, தமிழில் என்ன சொல்லலாம்?

'கன்னிமாடம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது அரண்மனையில் இளவரசிகள் இருந்த பகுதி. அவரைக்காய் நறுக்குகிறவர்களுக்குப் பொருந்தாது.

'கன்னியர் மடம்' நெடுநாள் வழக்கு. மடம் வடமொழியிலிருந்து வந்தாலும் தமிழில் வேரூன்றிவிட்ட சொல். மதுரையில் மடம் என்றால் ஆதீனம் நினைவுக்கு வரும். துறவு, மரபு, சமையல், அன்னதானம் எல்லாம் அதில் அடங்கும். நல்ல சொல்தான். உள்ளேயே இருந்து செபிக்கும் கார்மேல் சபையாருக்கு மிகவும் பொருந்தும். தெருவில் வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது.

'கன்னியர்' என்ற பகுதியிலும் எனக்குத் தயக்கம் உண்டு. லூயிஸ் தெ மரியாக் ஒரு கைம்பெண். திருச்சியில் புனித அன்னாள் சபையைத் தொடங்கிய அன்னம்மாளும் இளம் கைம்பெண்தான். மணமாகாமை இந்த வாழ்க்கையின் மையம் என்று அந்தப் பெயர் சொல்கிறது, மையம் துறவு. ஆகவே எழுத்தில் 'துறவியர் இல்லம்' என்பதே என் தேர்வு. பெண்கள் என்று குறிப்பிட வேண்டிய இடத்தில் 'அருட்சகோதரியர் இல்லம்' எனலாம். பள்ளியைச் சொல்ல வேண்டுமானால் பள்ளி என்றே சொல்லிவிடலாம்; துறவிகள் விட்டுச்சென்ற பெயர்தானே அது.

லத்தீன் வேருக்கு நேரான தமிழ்ச் சொல் என்ன என்று யோசித்தபோது மெய்சிலிர்த்தது. கூடி வருதல் என்றால் கூடல். மதுரையின் பழம்பெயர்! நான்மாடக்கூடல் என்பார்கள், கூடல் அழகர் கோவிலும் கூடல் நகர் ரயில் நிலையமும் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அகப்பாடலில் கூடலுக்குக் காதலர் சேர்க்கை என்ற பொருளும் இருப்பதால் துறவியர் இல்லத்துக்குப் பெயராக வைக்க முடியாது. ஆனால் பிள்ளைகளுக்கு விளக்கும்போது, கான்வென்ட் என்றால் கூடல் என்று நான் சொல்லிக் கொடுப்பேன். கூடலுக்குத் துறவிப் பெண்ணும் புதியவர் இல்லை. கோவலன் கண்ணகியோடு புகாரிலிருந்து நடந்தே மதுரைக்கு வந்த கவுந்தியடிகள் சமணத் துறவி. ஊருக்கு வெளியே, அறவோர் வாழ்ந்த புறஞ்சேரியில் தங்கி, கண்ணகியை மாதரி வீட்டில் அடைக்கலமாக ஒப்படைத்தவர் அவர்.

அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது வாசலில் ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாதா மாதம் பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவராம். மடியிலிருந்து செல்போனை எடுத்து யாரிடமோ சொன்னார்: "நான் சிஸ்டர் வீட்டுல இருக்கேன்டா, மாத்திர வாங்கிட்டு வாரேன்."

சிஸ்டர் வீடு. திருச்சபைச் சட்டம் துறவியர் குழு வாழும் இடத்துக்கு லத்தீனில் வைத்திருக்கும் பெயர் 'தோமுஸ்'. அதற்கு வீடு என்றுதான் பொருள்.