டிட்ஜெரிடூ: புல்லாங்குழல் அல்ல, மரத்தாரை

‘ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் மூங்கில் புல்லாங்குழல்.’ டிட்ஜெரிடூவைத் தமிழில் அறிமுகப்படுத்தும்போதெல்லாம் இந்தத் தொடர் வந்து நிற்கிறது. இதில் கருவியும் தவறு, மரமும் பெரும்பாலும் தவறு.

சொல்லின் வரலாறு சிறிதுதான். ‘டிட்ஜெரிடூ’ பழங்குடி மொழி எதிலும் உள்ள சொல் அல்ல. கருவியின் ஒலியைக் கேட்ட வெள்ளையர்கள் அதையே பெயராக்கிக்கொண்டார்கள் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். அச்சில் ஏறியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள ஆர்ன்ஹெம் நிலத்தின் வடகிழக்கில் வாழும் யூல்ஙு மக்கள் வைத்த பெயர் யிடக்கி. மேற்கு ஆர்ன்ஹெமில் மாகோ என்பார்கள்.

புல்லாங்குழலில் உதடு அதிர்வதே இல்லை. ஊதும் காற்று துளையின் விளிம்பில் மோதிப் பிளப்பதால் ஒலி பிறக்கிறது; சுரத்தை விரல்கள் மாற்றுகின்றன. யிடக்கியில் விரல் வைக்க ஒரு துளைகூடக் கிடையாது. தளர்ந்த உதடுகள் குழாயின் வாயில் படபடவென்று அதிர, ஒரே அடிச்சுரம் விடாமல் ஒலிக்கிறது. நாக்கும் கன்னமும் தொண்டையும் அதன் சாயலை மாற்றித் தாளத்தைக் கட்டுகின்றன. உதட்டை இறுக்கினால் மேலே இன்னொரு சுரம் பீறிடும். ஒலி அறாமலிருக்க, கன்னத்தில் அடக்கிய காற்றை வெளியே தள்ளும் அதே நொடியில் மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். இதை வைத்து ‘ஆஸ்திரேலிய நாதஸ்வரம்’ என்பதும் சரியாகாது. நாதஸ்வரத்தில் அதிர்வது சீவாளி.

உதடு அதிரும் கருவிகளுக்குத் தமிழில் பெயருக்கா பஞ்சம்? கொம்பு, எக்காளம், திருச்சின்னம், தாரை. வளைந்தது கொம்பு, நீண்டு நேராக இருப்பது தாரை. ஆகவே மரத்தாரை. தாரை உலோகத்தால் ஆனதாயிற்றே என்று மறுப்பவர்களுக்காகத்தான் ‘மரம்’ முன்னால் நிற்கிறது. இவ்வளவு பொருத்தமான இனப்பெயர் கையில் இருக்கும்போது, ஊதுவதெல்லாம் புல்லாங்குழல் என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் அயல்நாட்டுக் கருவியோடு நம் தாரையையும் சேர்த்தே மறக்கடிக்கிறார்கள்.

மூங்கிலில் செய்ததும் சில இடங்களில் உண்டு. ஆனால் யிடக்கிக்கு யூல்ஙு மக்கள் தேடுவது கடய்க்க என்னும் யூகலிப்டஸ். உயிரோடு நிற்கும் மரத்தின் நடுவைக் கறையான் தின்று தீர்த்திருக்க வேண்டும். அடிமரத்தைத் தட்டி, ஓசையைக் கேட்டே பொள்ளலை அறிகிறார்கள். வெட்டியதும் பட்டையை உரித்து, உள்ளே ஒட்டியிருக்கும் கறையான் மண்ணைக் குச்சியால் குத்தி வெளியேற்றி, வெளிப்புறத்தைச் செதுக்குவார்கள். சுவர் தடித்தால் ஒலி மந்தமாகும்; மிக மெலிந்தாலோ வேகமாக உலர்ந்தாலோ வெடிப்பு விழும். ஊதும் வாய் அகன்றிருந்தால் காற்று வீணாகி மூச்சு முட்டும். தேன்மெழுகை வளையமாக அப்பி அதைக் குறுக்குவார்கள்.

இன்னொரு குறை எழுத்துப்பெயர்ப்பு. ‘யிடாக்கி’, ‘யோல்ங்கு’ என்பவை ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதியவை. ரோமன் எழுத்துகளைக் கொண்ட யூல்ஙு எழுத்துமுறையில் டி (d) எழுத்தின் அடியில் கோடு இருந்தால் அது நாவளைந்த ஒலி, நம் ‘ட’ போல. நடுவில் வரும் ‘அ’ குறில். ஓ போலத் தெரியும் எழுத்துக்கு ஒலி நெடில் ‘ஊ’. அடுத்து வருவது தனி ‘ங’. அரிச்சுவடியில் படித்ததோடு நாம் விட்டுவிட்ட ஙு இங்கே அப்படியே பயன்படுகிறது. ஆங்கிலத்தால் எழுத முடியாததைத் தமிழால் எழுத முடிகிறபோது ஆங்கிலத்தின் வழியாக ஏன் போக வேண்டும்?

இதன் விளைவைப் பாடல் பெயர்களில் பார்க்கலாம். யூல்ஙு பாடகர் குருமுல் யுனுபிஙு மறைந்த பிறகு 2018இல் வெளிவந்து, ஆஸ்திரேலியத் தரவரிசையில் முதலிடம் பிடித்த இசைத்தொகுப்பில், அவருடைய குமச் குலத்தின் சின்னமான உவர்நீர் முதலையின் பெயரில் ஒரு பாடல் இருக்கிறது. நெடிலைக் காட்டும் புள்ளிகள் இல்லாத ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதினால் அது ‘பரு’ ஆகிவிடும், முகத்தில் வருவது. முதல் எழுத்து நெடில். இரண்டாவது, நாக்கை மடித்துச் சொல்லும் நம் ‘ழ’வை ஒத்த ஒலி. ‘பாழு’ என்று எழுதினால் பாழ் நினைவுக்கு வரும் என்று தயங்குபவர்கள் ‘பாரு’ என்றாவது எழுதி, பக்கத்தில் ‘உவர்நீர் முதலை’ என்று சேர்க்கட்டும்.